11 வருஷம், 3 லீக்: எங்கே உண்மையான போட்டி?

2013 முதல் 2023 வரையிலான 11 ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கால்பந்து லீக்கான பண்டஸ்லிகாவில் 11 தடவையும் பயர்ன் மியூனிக்தான் சாம்பியன். ஐபிஎல்லில் அதே காலத்தில் 5 அணிகள், அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் 8.

இந்தக் கணக்கில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டஸ்லிகாவில் பட்டத்துக்கு பிளேஆஃப் கிடையாது. 34 ஆட்டங்களின் புள்ளிதான் தீர்ப்பு, ஒரு நாள் சறுக்கினாலும் பயர்ன் எழுந்துவிடும். மற்ற இரண்டிலும் ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடலாம்.

ஆனாலும் பெரிய வித்தியாசம் பணம்தான். என்எஃப்எல்லில் தேசிய டிவி வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது, 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, கல்லூரி வீரர்களை எடுக்கும்போது கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அதனால்தான் சுமார் 1 லட்சம் பேர் வாழும் கிரீன் பே, நியூயார்க் அணிகளோடு சரிக்குச் சரி நிற்கிறது. 4 சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) வெற்றி வேறு! பயர்னோ எதிராளியின் வீட்டிலேயே கைவைத்து வீரர்களைத் தூக்கும்: 2011, 2012 இல் பட்டம் வென்ற டார்ட்மண்டிடமிருந்து 2013 இல் கோட்சே, 2014 இல் லெவன்டோஸ்கி (அதுவும் பைசா கொடுக்காமல்), 2016 இல் ஹம்மல்ஸ். 2024 இல் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லெவர்குசன் பட்டத்தைப் பறித்தபோது ஆகா என்றிருந்தது. அடுத்த வருஷமே பயிற்சியாளர் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்கு, விர்ட்ஸ் லிவர்பூலுக்கு, தடுப்பாட்ட வீரர் தா... வேறெங்கே, பயர்னுக்குத்தான்.

ஐபிஎல் இரண்டுக்கும் நடுவில். 2025 சீசனுக்கு வீரர்களை வாங்க ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய்தான் வரம்பு, மெகா ஏலம் வந்தால் பார்த்துப் பார்த்துக் கட்டிய அணியும் கலைந்துவிடும். 2024 சாம்பியன் கொல்கத்தா 2025 இல் 8 ஆவது. ஆனால் பணத்தைச் சமமாகப் பங்கிடலாம், சாமர்த்தியத்தை? மும்பையும் சென்னையும் ஆளுக்கு 5 கோப்பை வாங்கிவிட்டன, பெங்களூரு கோலியை வைத்துக்கொண்டே முதல் கோப்பைக்கு 18 ஆவது சீசன் வரை காத்திருந்தது.

பட்டத்துக்கான போட்டி என்றால் என் ஓட்டு என்எஃப்எல்லுக்கு. பட்டியலின் அடிப்பக்கம் போனால் ஜெர்மனிதான். 2025 இல் கடைசியாக வந்த சென்னைக்கு என்ன நட்டம், சொல்லுங்கள்? அடுத்த சீசனில் அதே மஞ்சள், அதே கூட்டம். ஹாம்பர்க்கில் அப்படி இல்லை. 1963 இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூடக் கீழ் டிவிஷனுக்கு இறங்கவில்லை என்று காட்டவே அந்த அணி மைதானத்தில் ஒரு கடிகாரம் ஓடவிட்டிருந்தது. 2018 இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். திரும்பி ஏறி வர 7 வருஷம் ஆனது.