புறக்கோட்டைக் கடைக்காரர்களே, 'டாஷ்போர்ட்' செய்து தருகிறோம் என்று வந்தால் கவனம்: 180,000 ரூபா போனது

கம்பனியின் பெயரைப் போட மாட்டேன். வழக்கு, நோட்டீஸ் என்று இழுபட வேண்டாம் என்று அண்ணா சொல்லிவிட்டார். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மேல்மாடியில் நாலைந்து பேர் இருந்து நடத்தும் சின்ன மென்பொருள் கம்பனி. விற்பனை, ஸ்டொக், செக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் ரிப்போர்ட் செய்து தருபவர்கள். எங்களிடம் வாங்கியது 180,000 ரூபா. எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விபரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது இரண்டாம் குறுக்குத் தெருவில் மொத்தப் புடவைக் கடை. புறக்கோட்டை வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: சாமான் இன்று வரும், செக் ஒன்றரை மாதம் தள்ளித் திகதி போட்டுப் போகும். எந்த நாளில் எந்தச் செக் வங்கிக்கு வரும் என்பதை அப்பா முப்பது வருடமாக ஒரு டயறியில் எழுதி வைத்திருப்பார். அந்த டயறிதான் எங்கள் கடை. அவருக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது என்பதால்தான் நான் இந்த ரிப்போர்ட் வேலையைத் தொடங்கினேன்.

அந்தக் கம்பனித் தம்பி கடைக்கு வந்த நாளை என்னால் மறக்க முடியாது. பகல் பதினொரு மணி இருக்கும். பிளேன்ரீ குடித்தார், லப்டொப்பைத் திறந்தார், "அங்கிள், உங்கட டயறியை எடுங்கோ, ஒவ்வொண்டாப் பாப்பம்" என்றார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செக்காக வாசிக்க, அவர் திரையில் காட்டினார். இருபத்துமூன்று செக். ஒன்றுகூடப் பிசகவில்லை. "இன்று" என்ற கட்டத்தில் அன்றைய திகதி, அன்றைய இரண்டு செக், சதம்வரை சரி. அப்பா டயறியை மூடி லாச்சிக்குள் வைத்தார். "காசைக் குடுத்து விடு பிள்ளை" என்றார். முழுக் காசையும் அன்றே கொடுத்தேன். பாதியை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ரிஃப்ரெஷ் ஆகி, அதாவது புதுக் கணக்கை எடுத்துக்கொண்டு, அப்பாவின் போனுக்கு வரும். அப்பா விடியப்புறம் எழும்புகிறவர், கடைக்குப் போக முன்னமே கிடைத்தால் நல்லது என்று கேட்டோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நேரத்தை விடிய ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு கடை பூட்டு. திங்கள் விடிய அப்பா போனைத் திறந்து பார்த்தார். "இன்று வங்கிக்கு வரும் செக்: இல்லை."

இல்லை என்று இருந்தபடியால் கணக்கில் கிடந்த காசை எடுத்துத் துறைமுகத்தில் நின்ற சரக்குக்குக் கட்டினார். அன்று எங்கள் 640,000 ரூபா செக் வங்கிக்கு வந்தது. அந்த வியாபாரிக்கும் எங்கள் வங்கியில்தான் கணக்கு, பின்னேரத்துக்குள் திரும்பிவிட்டது. அப்பாவோடு இருபது வருடம் கொடுக்கல் வாங்கல் செய்தவர். போனில் அவர் திட்டவில்லை, "என்ன அண்ணை, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

செவ்வாய் விடிய ரிப்போர்ட் வருகிறது. "இன்று" என்ற கட்டத்தில் அதே 640,000 ரூபா செக்!

உடனே கம்பனிக்குப் போன் எடுத்தேன். "போன்ல கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க மிஸ்." போனில் தேங்கிக் கிடந்த பழைய தரவை அழித்தேன், மாறவில்லை. அடுத்து, "உங்கட எக்செல் ஷீட்லதான் திகதி பிழையா அடிச்சிருக்கு." பில் அடிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன், அது அழுதேவிட்டது. இரண்டு இரவு இருந்து முந்நூறு வரிக்கு மேல் நானே சரிபார்த்தேன், ஒரு பிழை இல்லை. பிறகு அந்தக் கம்பனித் தம்பி தன் லப்டொப் திரையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்: "இங்க சரியாத்தான் இருக்கு மிஸ்." லப்டொப்பில் சரியாக இருந்து எனக்கு என்ன பயன்? 180,000 ரூபா கொடுத்தது அவருடைய லப்டொப்பில் பார்க்கவா? பிறகு போயா லீவு, பிறகு டெவலப்பர் ஊருக்குப் போய்விட்டார், பிறகு இது மெயின்டனன்ஸில் வரும், வருடத்துக்கு 60,000 ரூபா கட்டினால் பார்க்கலாம்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன். முதல் கேள்வியே, "அக்கா, விடிய எத்தனை மணிக்கு ரிஃப்ரெஷ் ஆகுது?" ஐந்து மணி என்றேன். "அப்ப சேர்வருக்கு அது இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை."

விசயம் இவ்வளவுதான். லப்டொப்பில் திறக்கும்போது "இன்றைய திகதி" என்பதை அந்த லப்டொப்பின் மணிக்கூட்டில் எடுக்கும், அது இலங்கை நேரம். பப்ளிஷ் பண்ணியதும் ரிப்போர்ட் இணையத்தில் உள்ள சேர்வருக்குப் போகிறது. அங்கே ஓடுவது யூடிசி எனும் உலகப் பொது நேரம், எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. ஆகவே நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து விடிய ஐந்தரை வரை சேர்வரின் "இன்று" எங்களுடைய நேற்று. அந்தத் திகதியை ரிஃப்ரெஷ் ஆகும் நேரத்தில் அட்டவணையின் ஒரு நிரலில் கணக்கிட்டு வைத்திருந்தார்கள், அதனால் அடுத்த ரிஃப்ரெஷ் வரும்வரை பகல் முழுக்க அப்படியே பிழையாக நின்றது. ஒன்பது மணிக்கு ஓடியபோது எல்லாம் சரியாக இருந்ததும் இதனால்தான். 1996இல் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்பவும் ஐந்தரைக்கு வந்த நாடு இது. கொழும்பில் இருந்து ரிப்போர்ட் செய்து விற்கிறவர் இந்த ஐந்தரையை யோசிக்க வேண்டாமா?

கனடாத் தம்பி சொன்னதை அப்படியே கம்பனிக்கு எழுதி அனுப்பினேன். அன்றே "சரி பண்ணியாச்சு" என்று பதில். செய்தது என்ன தெரியுமா? கொம்பியூட்டர் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டார்கள். போனில் சரியாக வந்தது. கடைக் கொம்பியூட்டரில் அதே ஃபைலைப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ரிஃப்ரெஷ் பண்ணினால் "இன்று" என்று நாளைய திகதி, ஏனென்றால் அந்தக் கொம்பியூட்டர் ஏற்கெனவே இலங்கை நேரத்தில்தான் இருக்கிறது. யூடிசி நேரத்தைக் கேட்டு எடுத்து, அதோடு ஐந்தரையைக் கூட்டியிருந்தால் எங்கே திறந்தாலும் ஒரே திகதி வந்திருக்கும். தம்பி இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

இதற்குள் கணக்காளர் வேறு போன் எடுத்தார், தன் திரையில் 05/06 என்று இருப்பது என் போனில் 06/05 என்று. அது பிரவுசரின் மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால், மாதம் முன்னுக்கு வந்திருக்கிறது. செக் திகதி பார்க்கும் ரிப்போர்ட்டில் இதையும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "வேலை முடிச்சுத் தந்திட்டம் மிஸ், ரிஃபண்ட் இல்ல." 180,000 ரூபாவுக்கு அவர்களிடமிருந்து வந்த கடைசி வார்த்தை அது.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது வங்கி முகாமையாளரைப் பார்க்கப் போக வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் லப்டொப்பில் காட்டுவதை நம்ப வேண்டாம், பப்ளிஷ் பண்ணியதை உங்கள் போனில், விடிய ஐந்தரைக்கு முன் ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள், திங்கள் விடிய கட்டாயம். திகதியில் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். கடைசி ரிஃப்ரெஷ் எத்தனை மணிக்கு, எந்த நேரக் கணக்கில் என்று ரிப்போர்ட்டின் மேலேயே வர வேண்டும். ஒரு மாதம் ஓடும்வரை பாதிக் காசைக் கையில் வைத்திருங்கள். டயறியை லாச்சிக்குள் வைக்காதீர்கள்.

நேற்றுக் காலை அனுப்பிய மெசேஜுக்கு இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.