கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு: கேம்பரை எங்கே நிறுத்துவது?

அரிசோனாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கிராண்ட் கேன்யன் போகாமல் திரும்புவதில்லை. முதல் தடவை விடுதியில் தங்கினோம். அதற்கப்புறம் எல்லாம் வாடகைக் கேம்பர்தான், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. குழந்தைகள், என் அம்மா, அரிசி பருப்பு, குக்கர் என்று எல்லாம் ஒரே வண்டியில் ஏறிவிடும். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வீட்டில் பேச்சு நீளும்.

முக்கியமான போட்டி இரண்டு இடங்களுக்குள்தான்: மேத்தர் முகாம், டிரெய்லர் வில்லேஜ். இரண்டும் பூங்காவுக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் பள்ளத்தாக்கின் விளிம்பு ஒரு மைல் போல. இலவசப் பூங்காப் பேருந்து இரண்டு பக்கமும் வரும், மளிகைக் கடைக்கு நடந்தே போகலாம். ஆனால் உள்ளே நுழைந்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

மேத்தர், தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேத்தரின் பெயர் தாங்கிய முகாம். பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே 300க்கும் மேற்பட்ட இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நல்ல கழிப்பறைகள் நடை தூரத்தில் உண்டு. கேம்பருக்கு மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர்க் குழாய் இணைப்பும் கிடையாது, கழிவுக் குழாயும் கிடையாது. 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை. டிரெய்லர் வில்லேஜில் இந்த மூன்று இணைப்புகளும் வண்டி நிற்கும் இடத்திலேயே இருக்கின்றன, 50 அடி வண்டிகூட நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். நிழல் குறைவு, பக்கத்து வண்டி நெருக்கம், கட்டணமும் நன்றாகவே கூடுதல். பூங்காவின் அனுமதியோடு ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது.

பட்டியலில் பார்த்தால் வசதி எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். நான் மேத்தரைத்தான் விரும்புகிறேன். ஆனால் அங்கே மின்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு போக வேண்டும்.

இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். மே மாதத்திலும் இரவில் குளிர் எலும்பைத் தொடும். கேம்பரின் ஹீட்டர் கேஸில் எரிந்தாலும், சூட்டை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடும். மேத்தரில் அந்தப் பேட்டரியை ஏற்ற ஜெனரேட்டர் போட அனுமதி காலை 7 முதல் 9 வரை, மாலை 6 முதல் 8 வரை மட்டும். ஆக இரவு எட்டு மணிக்குப் பேட்டரியில் இருப்பதுதான் விடியும்வரை. ஒருமுறை வாடகை வண்டியின் பேட்டரி பழையது, நாங்கள் சோதிக்கவில்லை. இரண்டு மணிக்கு விசிறி நின்றுபோனது. "கண்ணு, இன்னொரு போர்வை இருக்கா?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இருந்த போர்வை எல்லாம் ஏற்கெனவே குழந்தைகள் மேல். அன்றிலிருந்து வண்டியை எடுக்கும்போதே பேட்டரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

அதே உயரம் சமையலிலும் தெரியும். தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக ரொம்ப நேரமாகும். விசில் குக்கர் கட்டாயம். எலெக்ட்ரிக் குக்கரை நம்பினால், மேத்தரில் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றை வடித்துவிட வேண்டும். டிரெய்லர் வில்லேஜில் இந்தக் கவலையே இல்லை, எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தெற்கு விளிம்புக்குத் தண்ணீர், வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து ஒரே குழாயில் வருகிறது. 1960களில் போட்ட குழாய், அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து உடைந்து, விடுதிகளில் யாரையும் தங்கவிடாமல் நிறுத்தினார்கள். முகாம்களில் வெளிக்குழாய்களை அடைத்துவிட்டு, அவரவர் கொண்டுவந்த தண்ணீரில் தங்கச் சொன்னார்கள். டிரெய்லர் வில்லேஜில் குழாய் இணைப்பு இருந்தாலும் அதே ஊற்றுதான். அதனால் எங்கே தங்கினாலும் வழியில் வரும் வில்லியம்ஸ் அல்லது ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலேயே வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

குளியலுக்கு மேத்தருக்குப் பக்கத்தில் கேம்பர் சர்வீசஸ் என்ற கட்டடம் இருக்கிறது. காசு போட்டால் வெந்நீர் ஷவர், துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடமும் அருகிலேயே, ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். டிசம்பரில் போவதென்றால் நான்கூட டிரெய்லர் வில்லேஜ்தான் எடுப்பேன்.

பூங்காவுக்கு வெளியே, டுசாயான் ஊருக்குத் தெற்கே காட்டுத் துறையின் டென் எக்ஸ் முகாம் இருக்கிறது. அமைதி, தாராளமான இடம். ஆனால் குழிக் கழிப்பறைதான், குளிர்காலத்தில் மூடல், பார்க்கப் போக தினமும் கேம்பரையே கிளப்ப வேண்டும். மேத்தரில் இடம் கிடைக்காதபோது நல்ல துணை. கிழக்கே டெசர்ட் வியூவில் சின்ன முகாம் ஒன்று, ஷவர் இல்லை, ஒரு ராத்திரிக்குச் சரி.

எனக்கு முடிவு செய்வது இணைப்புகளின் எண்ணிக்கை இல்லை, இரவில் யார் எழுந்திருப்பார்கள் என்பதுதான். மேத்தரில் இரவுக்குள் கழிவுத் தொட்டி நிறைந்துவிடக் கூடாதே என்று நாங்கள் டார்ச்சோடு வெளிக் கழிப்பறைக்கு நடப்போம். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். மரங்களுக்கு இடையே பால்வெளி தெரியும், சில நாள் எல்க் மான் வழியில் நிற்கும். மூட்டுவலி உள்ள பெரியவருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் அந்த நடை ஒரு தண்டனை. இரவில் மூச்சுக் கருவி வைத்துத் தூங்குபவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மின் இணைப்புள்ள இடம்தான். அடுத்த வருடம் அம்மா வந்தபோது டிரெய்லர் வில்லேஜில் தங்கினோம். வண்டிக்குள்ளேயே எல்லாம் என்பதால் அவர் மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினார். சாயங்காலம் பிள்ளைகளை மட்டும் மேத்தர் பக்கம் நடக்கக் கூட்டிப்போனேன்.

மேத்தருக்கு முன்பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கும், கோடை வார இறுதிகள் உடனே போய்விடும். டிரெய்லர் வில்லேஜில் ஒரு வருடத்துக்கு முன்பே பதியலாம். இந்த இரண்டு முகாம்களும் இருக்கும் கிராண்ட் கேன்யன் வில்லேஜுக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது, டுசாயானிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.