கீசர் ரிப்பேருக்கு இணையத்தில் நம்பர் தேடி ஏமாந்த கதை

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கீசர் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் போனது. போய்ப் பார்த்தால், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. தூக்கிவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. மடிப்பாக்கத்து போர் தண்ணீரில் ஐந்து வருடம் ஓடிய கீசர், அதன் வயதுக்கு அது கிழம்தான். அவசரத்தில் கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர் சென்னை' என்று போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். வாரண்டி அட்டை அலமாரியில்தான் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு விலை 6,850 ரூபாய்.

நாற்பது நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார். கம்பெனி முத்திரை போட்ட டி-ஷர்ட், வாய் நிறைய 'சார்'. எனக்கு ஆபீஸ் கால் இருந்ததால் அவரை பாத்ரூமில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பில் நீட்டினார்: புது 2,000 வாட் எலிமெண்ட், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் புது மெக்னீசியம் ராடு, சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட், சர்வீஸ் சார்ஜ். சுவிட்சைப் போட்டுக் காட்டினார். விழவில்லை. "கீழ வால்வுல சொட்டிட்டே இருந்துச்சு சார், அதையும் அடைச்சுட்டேன். அதுக்குக் காசு வேணாம்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்! ஜிபேயில் வந்தது யாரோ தனி ஆளின் பெயர். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. இரண்டும் அப்போதே கண்ணில் பட்டன. வெந்நீர் வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

இங்கே என் கிறுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பேச்சு முழுக்க வெந்நீர், பாய்லர், அடுப்பு. டொராண்டோவில் பழைய வீடு வாங்கிய என் கல்லூரி நண்பன்தான் ஆரம்பித்தவன். அவன் வீட்டில் நிலவறையில் கேஸ் பாய்லர், அறைக்கு அறை ரேடியேட்டர். குளிர்காலம் தொடங்குமுன் ஒரு சின்னச் சாவியை வைத்து ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றுவதைப் படம் எடுத்துப் போடுவான். கோத்தகிரியில் விறகடுப்புக்குப் புகைபோக்கி கட்டிய ஆசிரியர் ஒருவர். எண்ணூர்ப் பக்கம் ஆலையில் பாய்லர் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். நண்பனைத் தவிர யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. சென்னைக்காரனான எனக்கு வீட்டைச் சூடாக்கும் கவலை ஏது? கீசர் எத்தனை நிமிடத்தில் கட் ஆகிறது என்று நோட்டில் குறிப்பதுதான் என் பங்கு. வீட்டில் இதற்காக வாங்கும் திட்டு தனி.

அந்த நோட்டுதான் காப்பாற்றியது. 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் எலிமெண்டுக்குச் சுமார் 24 நிமிடம் வேண்டும். என் கீசரும் 25, 26 நிமிடத்தில் முடிக்கும். ஞாயிற்றுக்கிழமை 32 ஆனது. 'புது எலிமெண்ட், ஆனா ஸ்லோ' என்று குழுவில் போட்டேன். உடனே டொராண்டோவிலிருந்து பதில்: "மச்சான், 1,500 வாட் போட்டா கணக்கு சரியா வருது. கீழ்ப்பக்கம் போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். சேஃப்டி வால்வின் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி இறுக்கியிருந்தது. படத்தைப் பார்த்த எண்ணூர் அண்ணனின் குரல்பதிவு ஐந்தே நொடிதான். "தம்பி, மெயினை ஆஃப் பண்ணு. யாரும் அதுல கை வைக்காதீங்க. நான் வரேன்."

மின்சார ரயில் மாறி, மஞ்சள் பையில் மெகருடன் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் கருவி) மதியம் வந்து சேர்ந்தார். கீசரின் மூடியைக் கழற்றினார். உள்ளே போன எலிமெண்டின் பித்தளை முகத்தில் 1,500 என்று பொறித்திருந்தது. வேறு யார் வீட்டிலோ கழற்றியது, உப்பு படிந்த தடம் அப்படியே இருந்தது. மெகரில் பார்த்தால் அதுவும் லீக். பின்னே ஏன் ஆர்.சி.சி.பி. விழவில்லை? எர்த் வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார் அந்த ஆள். கசியும் கரண்ட் பூமிக்குப் போக வழி இல்லை, அதனால் டிரிப் இல்லை. அடுத்த வழி, ஈரக் கையோடு குழாயைத் தொடுபவர் உடம்பு. பில்லில் இருந்த 'புது' மெக்னீசியம் ராடு, கம்பியாகத் தேய்ந்த பழைய ராடேதான். தெர்மோஸ்டாட்டையும் தொடவே இல்லை.

வால்வு விஷயத்தில்தான் அண்ணனுக்கு அடங்காத கோபம். தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் 65 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். உள்ளே வரும் பாதையில் ஒருவழி வால்வு இருப்பதால் அது திரும்பி மாடித் தொட்டிக்கும் போகாது. அதனால்தான் சூடாகும்போது வால்வு சொட்டுகிறது. அதை நோய் என்று நினைத்து நானே மாதக்கணக்கில் புலம்பியிருக்கிறேன். அடைத்த கீசரில் தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடிக்கவும் கூடும். "பாய்லர் சட்டத்துலயே சேஃப்டி வால்வுல கை வச்சா ஜெயிலு தம்பி. இவன் இலவசமா செஞ்சுட்டுப் போயிருக்கான்" என்றார். அந்தச் சட்டம் கீசருக்குப் பொருந்தாது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பாரிமுனையில் எலிமெண்ட், ராடு, கேஸ்கட் மூன்றும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அண்ணன் மறுபடி வந்து மாட்டி, எர்த் கொடுத்து, மெகரில் பார்த்து, டேங்க் நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்சைத் தொடவிட்டார். கூலி வாங்கவில்லை. வத்தக்குழம்பு மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தபோது, என் பெயரில் புகாரே பதிவாகவில்லை, அப்படி ஓர் ஆளும் தங்களிடம் இல்லை என்றார்கள். வந்தவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். 1930 என்ற உதவி எண்ணில் சைபர் புகாரும், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகாரும் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை. தேடினால் அந்தப் போலி நம்பர் இன்னும் முதலிடத்தில்தான் வருகிறது. உங்கள் கீசரை யாராவது சமீபத்தில் ரிப்பேர் செய்திருந்தால், மெயினை அணைத்துவிட்டு வால்வின் வாய் திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எர்த் இருக்கிறதா என்று தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று இரவு டொராண்டோக்காரன் கேட்டான்: "சொட்டுதாடா?"

"சொட்டுது."

"எத்தனை நிமிஷம்?"

"இருபத்தஞ்சு."

"சரி, போய்த் தூங்கு."