முக்கோணத் தடையா, மழுங்கிய தடையா?

டங்ஸ்டன் ஊசியைச் சூடாக்காமலே அதிலிருந்து எலக்ட்ரானை வெளியே இழுக்கலாம். முனையில் நானோமீட்டருக்கு 5 வோல்ட் அளவுக்கு மின்புலம் இருந்தால், எலக்ட்ரான்கள் உலோகப் பரப்பிலுள்ள ஆற்றல் தடையை ஏறித் தாண்டாமல் அதற்குள் ஊடுருவியே வந்துவிடும். எவ்வளவு மின்னோட்டம் வரும் என்பதில்தான் இரண்டு சூத்திரங்கள் மோதுகின்றன.

முதலாவது, இயற்பியலாளர்கள் ஃபவுலரும் நார்ட்ஹெய்மும் 1928-ல் தந்தது. தடையை வெறும் முக்கோணமாக எடுத்துக்கொண்டார்கள். டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 4.5 எலக்ட்ரான்வோல்ட், எனவே 5 வோல்ட் புலத்தில் தடையின் உயரம் 4.5, அகலம் 0.9 நானோமீட்டர். கையாலேயே போட்டுவிடலாம். அந்த எளிமைக்காகவே பலர் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

மர்ஃபியும் குட்டும் 1956-ல் தந்த சூத்திரம் ஒன்றை மறக்கவில்லை: வெளியே வந்த எலக்ட்ரானை உலோகம் திரும்ப இழுக்கிறது. இந்தப் பிம்ப விசையால் தடையின் உச்சி மழுங்கி, உயரம் சுமார் 1.8-க்கு இறங்கிவிடுகிறது. அகலமும் 0.72 நானோமீட்டராகக் குறைகிறது. சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் இது அடுக்குக்குறியில் உட்காருவதால் மின்னோட்டம் சுமார் 200 மடங்கு கூடிவிடுகிறது! (நார்ட்ஹெய்மே 1928-ல் இந்த விசையைச் சேர்த்துப் பார்த்தார், கணக்கில் பிழை நேர்ந்தது, 1953-ல்தான் அது திருத்தப்பட்டது.)

சரி, இவ்வளவு வித்தியாசம் சோதனையில் தெரியாதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதன் மடக்கையை மின்னழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், இரண்டு சூத்திரத்துக்கும் கோடு கிட்டத்தட்ட நேராகவே வரும். சாய்வில் 6 சதவீதம்தான் வேறுபாடு. கோடு நேராக வந்துவிட்டது, முக்கோணமே சரி என்று முடிவுகட்டினால், கோட்டின் வெட்டுத்துண்டிலிருந்து எடுக்கும் உமிழ்வுப் பரப்பு (எலக்ட்ரான்கள் வெளிவரும் இடத்தின் பரப்பு) சுமார் 100 மடங்கு பெரிதாகிவிடும். அந்தத் தவறான பரப்பை வைத்துத்தான் அப்புறம் பொருளின் தரத்தையே பேசுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உலோக ஊசி என்றால் நான் தயங்காமல் மர்ஃபி–குட் பக்கம்தான். அந்தச் சூத்திரத்தில் பிம்ப விசைக்காக வரும் திருத்தக் காரணிக்கு இயற்பியலாளர் ஃபோர்ப்ஸ் 2006-ல் கொடுத்த எளிய தோராயம் வந்த பிறகு, கணக்கு கடினம் என்ற சாக்கும் எடுபடாது. வகுப்பில் ஊடுருவலைப் புரியவைக்க முக்கோணம் போதும்.

முனையின் ஆரம் சில நானோமீட்டருக்கு இறங்கிவிட்டால் இரண்டுமே தடுமாறும், ஏனென்றால் இரண்டுமே மேற்பரப்பு தட்டையானது என்று எடுத்துக்கொண்டவை. அங்கே தடையின் வடிவத்தையே புதிதாகப் போட வேண்டும்.