நீண்ட டெலிபோன் லைனுக்கு எந்த ரவுட்டர்: பிராட்காமா, லான்டிக்கா, கம்பெனி கொடுத்த பெட்டியா?

எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ரவுட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டிருப்பது எதுவும் கைகொடுக்காது. வைஃபை எத்தனை நூறு எம்பிபிஎஸ், ஆன்டெனா எத்தனை என்பதெல்லாம், லைனே 2 எம்பிபிஎஸ் தரும் இடத்தில் வெறும் அலங்காரம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தாமிரக் கம்பியோடு பேசும் டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட்) சிப் யாருடையது, அதன் அமைப்புகளில் நாம் கைவைக்க முடியுமா.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராட்காம் சிப் உள்ள பெட்டியை மோடமாக மட்டும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வேலையை இன்னொரு ரவுட்டரிடம் கொடுப்பதுதான் என் தேர்வு. லான்டிக் சிப்புக்கும் நியாயமான வாதம் உண்டு. இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் பெட்டியும் எப்போதும் மட்டமானதல்ல.

உங்கள் லைன் நிஜமாகவே நீண்டதா என்பதை ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கமே சொல்லும். ‘லைன் அட்டென்யுவேஷன்’, அதாவது வழியில் சிக்னல் தேயும் அளவு, என்ற வரியைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 300 கிலோஹெர்ட்ஸ் அளவில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபல் தேயும். 55 டெசிபல் என்றால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கம்பி 0.4 மில்லிமீட்டர்தான் என்றால் அதைவிடக் குறைந்த தூரத்திலேயே இந்த எண் வந்துவிடும். ஏடிஎஸ்எல் என்ற டிஎஸ்எல் வகையின் பழைய முறையில் 63.5-க்கு மேல் காட்டவே வழியில்லை. அந்த எண்ணில் அப்படியே நிற்கிறது என்றால் உண்மையான தேய்வு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். 40 டெசிபலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த அலசல் அவ்வளவாகப் பயன்படாது. அவர்கள் எந்த நல்ல ரவுட்டரையும் வாங்கலாம்.

ரவுட்டர் மாற்றும் முன் வீட்டுக்குள் ஓடும் ஒயரைச் சரிபாருங்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே ரவுட்டரை நேராகச் செருகி, மற்ற எல்லா எக்ஸ்டென்ஷனையும் கழற்றிவிட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி ஒயர்தான். எதிலும் இணைக்காமல் தொங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் முனையிலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து, சில அலைவரிசைகளைப் பள்ளம் பறித்ததுபோல் தின்றுவிடும். நுழைவிடத்திலேயே பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஒரே ஸ்ப்ளிட்டர், அங்கிருந்து மோடத்துக்கு முறுக்கிய ஜோடி ஒயர். தட்டையான, முறுக்கில்லாத நீள ஒயரைத் தூக்கிப் போடுங்கள். இதைச் செய்யாமல் எந்தச் சிப்பைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த ஒரு விஷயம்: மார்ஜின்.

மார்ஜின் என்பது, இப்போது ஓடும் வேகத்துக்குத் தேவையானதற்கு மேல் சிக்னலிடம் இருக்கும் கையிருப்பு. பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் இலக்கு 6 டெசிபல். மோடம் இணையும்போது 6 டெசிபலை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைத்தான் வேகமாக மாற்றுகிறது. குறுகிய லைனில் அந்த 6 டெசிபல் பொருட்டே இல்லை. நீண்ட லைனில் அது சொத்தில் பெரும்பங்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏடிஎஸ்எல் சிக்னல் 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த பல சிறு அலைவரிசைகளாகப் போகிறது. ஒவ்வொன்றும் நொடிக்கு 4000 முறை தகவல் சுமக்கிறது. ஓர் அலைவரிசையில் ஒரு பிட் கூடுதலாக ஏற்றுவதற்குச் சுமார் 3 டெசிபல் வேண்டும். நீண்ட லைனில் மேல் அலைவரிசைகள் செத்துப்போய், இறக்கத்துக்கு (டவுன்லோடுக்கு) 100 மட்டும் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கை 6-லிருந்து 3-ஆகக் குறைத்தால் 100 × 4000, அதாவது நொடிக்கு 4 லட்சம் பிட் கூடுதல். 2 எம்பிபிஎஸ் லைனில் அது ஐந்தில் ஒரு பங்கு. வேறு எந்த அம்சமும் இவ்வளவு தராது.

பிராட்காம் முன்னே நிற்பது இங்கேதான். நெட்கியர் டிஜி834ஜிடி, ஹுவாவே எச்ஜி612 போன்ற பிராட்காம் பெட்டிகளில் டெல்நெட் (கணினியிலிருந்து கட்டளை தட்டும் வழி) மூலம் உள்ளே போக முடிந்தால், ‘ஏடிஎஸ்எல்சிடிஎல்’ அல்லது ‘எக்ஸ்டிஎஸ்எல்சிடிஎல்’ என்ற கட்டளை கிடைக்கும். அதில் மார்ஜின் இலக்கைக் குறிக்கும் எஸ்என்ஆர் மதிப்பு 100 என்றால் எக்ஸ்சேஞ்ச் சொன்ன இலக்கு அப்படியே. 50 என்றால் ஏறக்குறைய பாதி. அதே கட்டளையில் பிட்ஸ்வாப் (கீழே விளக்குகிறேன்), எஸ்ஆர்ஏ (லைன் அறாமலே வேகத்தை மாற்றும் வசதி), டிரெல்லிஸ் (பிழையைக் குறைக்கும் குறியீட்டு முறை) ஆகியவற்றைத் திறக்கவும் மூடவும், எந்த ஏடிஎஸ்எல் முறையில் இணைவது என்று கட்டாயப்படுத்தவும் வழி இருக்கிறது. ஒவ்வோர் அலைவரிசையிலும் எத்தனை பிட் ஏறியிருக்கிறது என்ற பட்டியலும் வரும். நீண்ட லைனை ஆராய அதைவிட நல்ல கருவி வீட்டில் கிடைக்காது.

இலக்கை ஒரேயடியாக இறக்காதீர்கள். 100-லிருந்து 80, இரண்டு நாள் கவனிப்பு, பிறகு 65, பிறகு 50. ஒவ்வொரு மாற்றத்துக்கும் லைன் ஒருமுறை அறுந்து மீண்டும் இணையும். பல பெட்டிகளில் மின்சாரம் போய் வந்தால் இந்த அமைப்பு மறைந்து, பழைய 6 டெசிபலுக்கே திரும்பிவிடும். மின்வெட்டு உள்ள இடத்தில் மோடத்துக்குச் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வைத்துவிடுவது நல்லது. அடாப்டரும் 12 வோல்ட்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கைக் குறைத்தால் இரவில் அறுந்துவிடாதா? அறுந்துவிடும், பகலில் இணைத்தால். இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இரவில் வானத்தின் அயனிப் படலத்தில் கீழ் அடுக்கு மறைந்துபோவதால், தொலைதூர மத்திய அலை வானொலி நிலையங்கள் வந்து சேர்கின்றன. மேலே தொங்கும் நீண்ட டெலிபோன் கம்பி அவற்றுக்கு அருமையான ஆன்டெனா. 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையம் உங்கள் லைனின் 167-ஆவது அலைவரிசை மேல் நேராக உட்காரும். இதனால் இரவில் மார்ஜின் 4 டெசிபல் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் 6-ல் இணைந்த மோடம் இரவில் 2-க்கு வந்து, ஏதோ ஒரு சின்ன இடறலில் அறுந்து, இரவு இரைச்சலிலேயே மறுபடி 6 டெசிபலை ஒதுக்கி இணைகிறது. வேகம் சரிந்துவிடும். மறுநாள் பகலில் மார்ஜின் 10 என்று காட்டும், அந்தக் கையிருப்பு யாருக்கும் பயன்படாது. மாறாக, இருட்டிய பிறகு 3 டெசிபல் இலக்கில் இணையுங்கள். பகலில் அது தானாக 7-க்கு ஏறும். பகலில் 6-ல் இணைந்ததற்கு மிக அருகிலான வேகம், இரவிலும் அறுபடாமல்.

மூன்று டெசிபலில் நிற்கப் பிட்ஸ்வாப் ஒழுங்காக வேலை செய்யவேண்டும். ஓர் அலைவரிசையில் இரைச்சல் ஏறினால் அதன் பிட்டை வேறொன்றுக்கு மாற்றும் ஏற்பாடு அது. மோடமும், எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைனின் மறுமுனையில் இருக்கும் டிஸ்லாம் என்ற கருவியும் இதில் ஒத்துப்போகாவிட்டால், மார்ஜின் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து லைன் அறுந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ‘சரியாகி’விடும் வகை நோய் இது. டிஸ்லாமிலும் அதே நிறுவனத்தின் சிப் இருந்தால் இந்தத் தொல்லைக்கு வாய்ப்புக் குறைவு. இணைப்பின்போது இரு முனைகளும் தங்கள் நான்கெழுத்து அடையாளத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. விவரமான ஸ்டேட்டஸ் பக்கத்தில் எதிர்முனை ‘பி-டி-சி-எம்’ என்றிருந்தால் பிராட்காம், ‘ஐ-எஃப்-டி-என்’ என்றிருந்தால் இன்ஃபினியான்.

லான்டிக் பக்கம் வரலாம். இன்ஃபினியானின் டிஎஸ்எல் பிரிவுதான் 2009-ல் லான்டிக் ஆனது, 2015-ல் இன்டெல் வாங்கியது. டிபி-லிங்க் டிடி-டபிள்யூ8970 முதல் பதிப்பு, டிரேடெக் வைகர் 130 ஆகியவற்றில் இந்தச் சிப்தான். எதிர்முனை இன்ஃபினியான் என்றால் என் பிராட்காம் சாய்வைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் லான்டிக்கையே முயன்று பாருங்கள். இன்னொரு பெரிய நன்மை, டிடி-டபிள்யூ8970 போன்ற பெட்டிகளில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டருக்கான திறந்த மென்பொருள் ஓடும். அதில் இறக்க மார்ஜினை மாற்றும் அமைப்பு பத்தில் ஒரு டெசிபல் கணக்கில் இருக்கிறது. மைனஸ் 30 என்று போட்டால் இலக்கு 3 டெசிபல் குறையும். அதுவும் கோப்பில் எழுதிச் சேமிக்கப்படுவதால் மின்சாரம் போனாலும் மறையாது. இந்த ஒரு விஷயத்தில் லான்டிக் பிராட்காமை வென்றுவிடுகிறது. 60 டெசிபலைத் தாண்டிய, இரைச்சல் மிகுந்த லைனில் குறைந்த மார்ஜினோடு தாக்குப்பிடிப்பதில் மட்டும் நான் பிராட்காமையே நம்புவேன். ஆனால் லைனுக்கு லைன் மாறும் விஷயம் இது. பக்கத்து வீட்டு முடிவு உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

கம்பெனி கொடுக்கும் பெட்டிக்கு ஒரே பலம், அது அந்த டிஸ்லாமோடு சோதிக்கப்பட்டிருக்கும், பழுதானால் அவர்கள் பொறுப்பு. மார்ஜினைத் தொட விடமாட்டார்கள் என்பது பலவீனம். உள்ளே என்ன சிப் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பிராட்காமாகவே இருக்கலாம். மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நெட்கியர் டிஜி834ஜி மூன்றாம் பதிப்பில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், நான்காம் பதிப்பில் பிராட்காம். பெயர் ஒன்று, லைனில் நடத்தை வேறு. அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டுத்தான் பழைய பெட்டிக்குக் கை நீட்ட வேண்டும்.

எந்தச் சிப்பானாலும் எந்த முறையில் இணைகிறது என்பதைப் பாருங்கள். ஏடிஎஸ்எல்2+ என்பது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. 4 கிலோமீட்டருக்கு அப்பால் அந்த மேல்பாதியில் ஒன்றும் உயிரோடு வருவதில்லை. ஏடிஎஸ்எல்2 முறையைக் கட்டாயப்படுத்திப் பாருங்கள். ஜி.டிஎம்டி எனப்படும் பழைய ஏடிஎஸ்எல் முறையில் ஓர் அலைவரிசையில் குறைந்தது 2 பிட் ஏற்ற வேண்டும். ஏடிஎஸ்எல்2-ல் 1 பிட்டும் ஏற்றலாம் என்பதால் சாகும் தறுவாயில் உள்ள அலைவரிசைகளும் கொஞ்சம் உழைக்கும். நிர்வாகத் தகவலுக்குப் போகும் வீண்செலவும் 32 கேபிபிஎஸ்-லிருந்து 4 வரை குறையக்கூடியது. நீண்ட லைனுக்கென்றே உள்ள அனெக்ஸ் எல் முறையை எதிர்முனை ஆதரித்தால் அதையும் முயலலாம். சில லைன்களில் ஜி.டிஎம்டி-தான் அசையாமல் நிற்கும். அப்போது அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிராட்காம் பெட்டிகளின் உண்மையான குறை ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள். பாதுகாப்புத் திருத்தம் நின்று பல வருடங்கள் ஆன பெட்டியை நேராக இன்டர்நெட்டில் நிறுத்துவது சரியில்லை. அதனால்தான் பிரிட்ஜ் முறை: மோடம் லைனை மட்டும் பார்த்துக்கொண்டு, தகவலை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும். மோடத்தில் கம்பெனி சொன்ன விபிஐ, விசிஐ (இணைப்பின் பாதையைக் குறிக்கும்) எண்களைப் போட்டு, ‘1483 பிரிட்ஜ்’ என்று தேர்ந்தெடுத்து, வைஃபையையும், முகவரி வழங்கும் டிஎச்சிபி-யையும் அணைத்துவிடுங்கள். பிபிபிஓஇ (கம்பெனியிடம் உள்நுழையும் முறை) பெயரும் கடவுச்சொல்லும் இரண்டாவது ரவுட்டரில், எம்டியு (ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492. இரண்டுக்கும் ஒரே முகவரி வரிசை இருக்கக்கூடாது. மோடம் 192.168.1.1 என்றால் ரவுட்டர் 192.168.2.1 ஆகட்டும். இல்லாவிட்டால் மார்ஜினைப் பார்க்க மோடத்துக்குள் போகவே முடியாது. இன்னொரு லாபம்: ரவுட்டரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் லைன் அறுவதில்லை. அடிக்கடி அறுந்தால் எக்ஸ்சேஞ்சின் தானியங்கி மேலாண்மை லைனை நோஞ்சான் என்று முடிவுகட்டி இலக்கை 9, 12 என்று ஏற்றிவிடும். ஆகவே இது சின்ன விஷயமல்ல.

பழைய பெட்டியோடு வரும் அடாப்டரைச் சந்தேகியுங்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால், மோடம் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்தாலும் லைனில் இரைச்சல் கிளம்பும். மத்திய அலை ரேடியோவை 600 கிலோஹெர்ட்ஸ் அருகே நிலையம் இல்லாத இடத்தில் வைத்து அடாப்டர் பக்கம் கொண்டுபோங்கள். கரகரப்பு பலமாக ஏறினால், அதே வோல்ட், குறையாத ஆம்பியர், அதே பிளக் முனை அமைப்பு கொண்ட புதியதை மாற்றுங்கள்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது மார்ஜினை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சிப்புக்குச் சிப் அளக்கும் விதம் வேறு. ஒன்று 6 என்று காட்டுவதை இன்னொன்று 7 என்று காட்டும், அட்டென்யுவேஷனும் மாறும். ஒவ்வொன்றையும் மூன்று இரவு தொடர்ந்து ஓடவிட்டு, இணைந்த வேகம், மணிக்கு எத்தனை சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தகவலின் எண்ணிக்கை), எத்தனை முறை அறுந்தது என்ற மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். ஒரே நாளில் பெட்டியை மாற்றி மாற்றிச் செருகினால் அதையும் எக்ஸ்சேஞ்ச் அறுபடலாகவே எண்ணும்.