செக்சம் சரி, பக்கம் பாதி: ஆர்கைவ்மேட்டிகாவுடன் நான்கு ஆண்டுகள்

பழைய கடிதங்கள், பதிவேடுகள் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக, டிஜிட்டல் கோப்புகளை நீண்ட காலம் பாதுகாக்க உதவும் ஆர்கைவ்மேட்டிகாவைத்தான் பயன்படுத்துகிறோம். திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது.

தொடங்கும் முன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். ஏ4 தாளை 400 பிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்), முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 46 எம்பி வரும். லட்சம் பக்கத்துக்கு 4.6 டிபி. அதில் மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

கோப்புகளைக் கொடுத்ததும் வைரஸ் சோதனை, புரோனாம் என்ற கோப்பு வடிவங்களின் பட்டியலை வைத்து வடிவம் கண்டறிதல், செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, கோப்பு மாறினால் இதுவும் மாறும்) எடுத்தல் எல்லாம் வரிசையாக நடக்கும். கடைசியில் பேக்இட் முறையில் ஒரு பொதி கிடைக்கும். அதில் மர்மம் ஒன்றுமில்லை: கோப்புகள் இருக்கும் ஒரு கோப்புறை, அவற்றின் செக்சம்களை வரிவரியாக எழுதிய ஒரு உரைக்கோப்பு. நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் பொதியைத் திறந்து சரிபார்க்க முடியும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பல்லாயிரம் கோப்புகளை ஒரே பொதியில் திணிக்காதீர்கள், பொதியில் உள்ளவற்றின் விவரங்களைப் பதியும் மெட்ஸ் கோப்பு பெருத்துப் போகும். நாங்கள் ஒரு கட்டுக்கு ஒரு பொதி என்று வைத்திருக்கிறோம்.

இனி, எங்களுக்கு நேர்ந்தது. இரண்டாம் ஆண்டில் ஒருவர் கேட்ட கடிதத்தைத் திறந்தால், பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. கோப்பின் அளவு சரி. வடிவச் சோதனையும் தேறியிருந்தது. செக்சமும் பொருந்தியது! ஸ்கேன் கணினியிலிருந்து சர்வருக்கு நகலெடுக்கும்போதே கோப்பு கெட்டிருக்கிறது. நாங்களோ சர்வருக்கு வந்த பிறகுதான் செக்சம் எடுத்தோம். கெட்ட கோப்புக்கு அது ஒழுங்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ஸ்கேன் கணினியிலேயே எஸ்ஹெச்ஏ-256 வகைச் செக்சம் எடுத்து, அந்தப் பட்டியலை மெட்டாடேட்டா (விவரக் குறிப்பு) கோப்புறையில் போட்டு அனுப்புகிறோம். ஆர்கைவ்மேட்டிகா முதல் கட்டத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். இந்த வசதி முதலிலிருந்தே இருந்தது, நாங்கள்தான் பயன்படுத்தவில்லை. அப்புறம், ஒவ்வொரு கட்டிலும் சில பக்கங்களையாவது ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே தாள்கள் பெட்டிக்குத் திரும்பும்.

நல்லவேளை, அந்தக் கடிதத்தின் மூலத்தாள் பத்திரமாக இருந்தது. மறுபடி விரித்தபோது மேல் மடிப்பில் சின்னதாக விரிசல் விட்டு, ஒரு சொல்லின் நடுவில் இரண்டு எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. பழைய ஸ்கேனின் மேல்பாதியில் அந்தச் சொல் முழுசாக இருக்கிறது. அதனால் கீழே கறுத்துப்போன அந்தக் கோப்பையும் புதியதோடு அதே பொதியில், காரணத்தை எழுதி, வைத்திருக்கிறோம்.