இட்ஸா, இட்'ஸா? மேலே போடுற கமாவை நினைவில் வைக்க எந்த வழி நல்லது?

எங்கள் அலுவலகத்திலிருந்து ஆங்கிலக் கடிதம் எது வெளியே போனாலும் ஒரு தடவை என் மேஜைக்கு வரும். பிழை திருத்துவது என் வேலை இல்லை, எப்படியோ என் தலையில் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் நான் அதிகம் திருத்தியது ஒரு சின்னக் கோட்டைத்தான். அப்பாஸ்ட்ரஃபி. பள்ளியில் எங்களுக்கு அது "மேலே போடுற கமா".

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கடிதத்தோடு வந்து நின்றான். "அக்கா, இந்த இட்ஸுக்கு கமா வேணுமா, வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் குத்துமதிப்பாதான் போடுறேன்." குத்துமதிப்பாகப் போட்டாலும் பாதி நேரம் சரியாகிவிடும். அதனாலேயே யாரும் இதை உட்கார்ந்து கற்றுக்கொள்வதில்லை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ராமுவின் பேனா என்றால் ராமு'ஸ் பென். கம்பெனியின் விதி என்றால் கம்பெனி'ஸ் ரூல். யாருடையது என்று சொன்னாலே குறி போட வேண்டும் என்று கை பழகிவிடுகிறது. அதே கம்பெனியை "அது" என்று சுட்டும்போது மட்டும் இட்ஸ் ரூல், குறி கிடையாது. "அது இருக்கிறது" என்பதைச் சுருக்கினால்தான் இட்'ஸ். காதும் கைகொடுக்காது, இரண்டுக்கும் ஒரே சத்தம். ஆங்கிலேயர்களே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் "அதனுடைய" என்பதற்கும் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். 1787இல் கையால் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில், மாநிலங்கள் விதிக்கும் ஏற்றுமதி இறக்குமதி வரியைப் பற்றிய இடத்தில், "இட்'ஸ் இன்ஸ்பெக்‌ஷன் லாஸ்" என்றுதான் இருக்கிறது. இன்று என் மேஜைக்கு வந்தால் சிவப்பு மையில் வட்டம் விழும்.

சரி, வழிகளுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து மூன்று தேறும்.

முதலாவது எல்லா வாத்தியாரும் சொல்வது: விரித்துப் படி. இட் இஸ் என்று விரித்துப் படித்து வாக்கியம் நின்றால் குறி போடு, நொண்டினால் எடுத்துவிடு. யூ'ஆர், தே'ஆர், ஹூ'ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நல்ல வழிதான், ஆனால் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "இட்'ஸ் பீன் டூ இயர்ஸ்" என்பதை இட் இஸ் பீன் என்று விரித்தால் நாராசமாக இருக்கும். உடனே குறியை எடுத்துவிடுவார்கள். அங்கே ஒளிந்திருப்பது இஸ் இல்லை, ஹேஸ். "லெட்'ஸ் மீட்" என்பதில் ஒளிந்திருப்பது அஸ். ஆக, எதை விரிக்கிறோம் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் இந்த வழி முழுசாக உதவும்.

இரண்டாவது, ஹிஸ் வழி. சந்தேகம் வந்த இடத்தில் இட்ஸை எடுத்துவிட்டு ஹிஸ் போட்டுப் பார்ப்பது. "தி கம்பெனி சேஞ்ச்ட் ஹிஸ் ரூல்" என்றால் கம்பெனிக்கு மீசை முளைத்ததுபோல வேடிக்கையாக இருக்கும், ஆனால் வாக்கியம் நிற்கும். நின்றால் குறி வேண்டாம். "அவனுடைய" என்ற ஹிஸ்ஸுக்கு நடுவே யாரும் கமா போடுவதில்லை. அதன் கூடப்பிறந்தவர்களான ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ் யாருக்கும் போடக் கூடாது. குடும்பத்தோடு சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்'ஸ் ட்யூட்டி என்று குறி கேட்கும் ஒன் மட்டும் இந்தக் குடும்பத்தோடு ஒட்டாத பங்காளி.

நம் ஊர் லீவ் லெட்டருக்கு இந்த வழியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கடைசி வரியில் யுவர்'ஸ் ஒபீடியன்ட்லி என்று குறியோடு எழுதித்தான் நாம் எல்லாரும் காய்ச்சலுக்கு லீவு வாங்கியிருக்கிறோம். என் பள்ளி நோட்டு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அந்தக் குறியை ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது, தமிழில் சொல்லிப் பார்ப்பது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து எனக்கே பிடிபட்டது. "அதன்" அல்லது "அதனுடைய" என்று வந்தால் குறி கிடையாது. வேறு எப்படி வந்தாலும் குறி உண்டு. "அது" வருகிறதா என்று தேடாதீர்கள், அங்கேதான் சறுக்கும். இட்'ஸ் ரெய்னிங் என்பதை நாம் "மழை பெய்யுது" என்போம், அதில் எந்த "அது"வும் இல்லை. இட்'ஸ் ஃபைவ் ஓ'க்ளாக் என்றால் "மணி அஞ்சு". இட்'ஸ் ஓகே என்றால் "பரவாயில்லை". மூன்றிலும் "அதன்" இல்லை, அதனால் குறி வேண்டும். "அதோட" என்றும் சொல்லிப் பார்க்காதீர்கள். "அதோட மழை வேற" என்று மனசு வேறு பக்கம் ஓடிவிடும்.

யுவர், யூ'ஆர் குழப்பத்துக்கு இது இன்னும் அழகாகப் பொருந்துகிறது. உங்கள் என்றால் குறி இல்லை, நீங்கள் என்றால் குறி. தமிழில் நீ என்பது உன் ஆகிவிடும், நான் என் ஆகிவிடும். சொல்லே உருமாறுவதால் தப்புப் பண்ண இடமில்லை.

ஆனால் அவர், அவர்கள், யார் எல்லாம் இப்படி உருமாறாது. "அவங்க வீடு", "அவங்க வர்றாங்க" இரண்டிலும் அதே அவங்கதான். "யார் பேனா", "யார் வந்தது" இரண்டிலும் அதே யார். அதனால் தெயர், தே'ஆர், ஹூஸ், ஹூ'ஸ் வந்தால் தமிழ் வழி காலை வாரிவிடும். "உடைய" சேர்த்துப் பார்த்துச் சமாளிக்கலாம். அவர்களுடைய வீடு நிற்கும், அவர்களுடைய வருகிறார்கள் நிற்காது. அவ்வளவு சுற்றுவதற்கு அங்கே முதல் வழியிலேயே விரித்துப் படித்துவிடலாம். அலுவலக ஆங்கிலத்தில் இன்னொரு குழியும் உண்டு. "ட்யூ டு இட்ஸ் பீயிங் க்ளோஸ்ட்" என்பதை நாம் "அது மூடியிருந்ததால்" என்போம். "அதன்" வரவில்லையே என்று குறி போட்டால் தப்பு. ஹிஸ் பீயிங் என்று போட்டுப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

போன், கணினியை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. டோன்ட் என்பதைக் குறியில்லாமல் எழுதினால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சிவப்புக் கோடு போடும். இட்ஸும் இட்'ஸும் இரண்டுமே உள்ள சொற்கள், எழுத்துப்பிழை பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். போனோ சில சமயம் சரியாக எழுதியதிலேயே தானாகக் குறியைச் செருகிவிடுகிறது. எல்லாவற்றையும் இட் இஸ் என்றே எழுதுபவர்களும் உண்டு. குறி தப்பாது, கடிதம்தான் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நிற்கும்.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: இட்ஸுக்கு முதலில் அதன், சந்தேகம் தீராவிட்டால் ஹிஸ். தெயர், ஹூஸ் வந்தால் விரித்துப் படி.

பன்மை பற்றி அன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் தெருப் பலகைகளில் மொபைல்'ஸ், டிபன்'ஸ் என்று எங்கே ஸ் வந்தாலும் ஒரு குறி தொங்கும். மொபைல்களா, மொபைலுடையதா என்று தமிழில் கேட்டாலே போதும், "கள்" வந்தால் குறி வேண்டாம். இங்கிலாந்திலும் காய்கறிக் கடைப் பலகைகளில் இதே கூத்துதான். அங்கே ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இந்தக் குறியைக் காப்பாற்ற 2001இல் ஒரு சங்கமே தொடங்கினார். அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி 2019இல் மூடிவிட்டார்.

போன வாரம் பையன் தன் அக்கா கல்யாண ஃப்ளெக்ஸின் படத்தைக் காட்டினான். மணமக்கள் பெயருக்கு மேலே, ஃபேமிலி வெல்கம்'ஸ் யூ. "வெல்கம் இஸ் யூன்னு விரிச்சுப் பார்த்தேன் அக்கா, நிக்கல. ஆனா அதுக்குள்ள அடிச்சு வந்துருச்சு."

"அப்புறம்?"

"அந்த இடத்துல சாமந்திச் சரத்தைத் தொங்க விட்டுட்டோம்."